பேறுகாலப் பணம்: வேலைக்குப் போகும் பெண்கள் என்னிடம் கேட்டவை

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் சம்பளப் பிரிவில் 9 வருடம் இருந்தேன். இப்போது அந்த வேலையில் இல்லை, ஆனால் கேள்விகள் நின்றபாடில்லை. டெய்லர், செக்கிங், அக்கவுண்ட்ஸ், பக்கத்து வீட்டு டீச்சர் என்று யார் மாசமானாலும் ஒரு போன் வரும், பாதிக் கேள்விகள் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட பேச்சிலேயே விட்டிருக்கிறேன். இதில் இருப்பது தமிழ்நாட்டு நிலவரம்.

அக்கா, எனக்குப் பணம் தர்றது கவர்மெண்டா, கம்பெனியா?

எல்லாக் குழப்பமும் இங்கேதான் ஆரம்பிக்கிறது, அதனால் இதை மட்டும் பொறுமையாகப் படியுங்கள். உங்கள் சம்பளம் மாதம் 21,000 ரூபாய்க்குள் இருந்து கம்பெனி உங்களை இஎஸ்ஐயில் (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சேர்த்திருந்தால், விடுப்புக் காலப் பணத்தை இஎஸ்ஐ கழகம் உங்கள் வங்கிக் கணக்குக்கே அனுப்பும், கம்பெனி தர வேண்டியதில்லை. அந்த வரம்புக்கு மேல் சம்பளம் என்றால் கம்பெனிதான் தன் கையிலிருந்து தர வேண்டும். தொழிற்சாலை, தோட்டம், சுரங்கம் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும், கடை அல்லது அலுவலகம் என்றால் 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்ய வேண்டும். அரசு ஊழியர்களுக்குத் தனி விடுப்பு விதி.

இவை மூன்றும் நீங்கள் வேலை செய்வதால் வரும் உரிமை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி வேறு, அது ஏழைக் குடும்பத்துக் கர்ப்பிணிகளுக்கான உதவி, வேலைக்குப் போகாதவர்களும் வாங்கலாம். இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸிடம் போய்ச் சம்பளம் கேட்டவர்களும் உண்டு, எச்ஆரிடம் போய் ஊட்டச்சத்துப் பெட்டகம் கேட்டவர்களும் உண்டு. யாரிடம் கேட்க வேண்டும் என்று முதலில் தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

எனக்கு இஎஸ்ஐ இருக்கா இல்லையான்னே தெரியலையே, எப்படிப் பார்க்கிறது?

சம்பளச் சீட்டை எடுங்கள். இஎஸ்ஐ என்று ஒரு பிடித்தம் இருக்கும், உங்கள் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 16,000 ரூபாய் சம்பளத்துக்கு உங்களிடம் பிடிப்பது 120 ரூபாய். 10 இலக்கக் காப்பீட்டு எண் ஒன்றும் இருக்கும், அதைப் போனில் சேமித்து வையுங்கள், கடைசி வரை அதுதான் கேட்பார்கள்.

சம்பளச் சீட்டே தருவதில்லை, கவரில் போட்டுக் கொடுக்கிறார்கள் என்றால் காப்பீட்டு எண்ணையாவது வாங்குங்கள். எண் இருந்தால் மட்டும் போதாது, மாதாமாதம் உங்கள் பெயரில் பணம் கட்டியிருக்கிறார்களா என்று இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். பிடித்தார்கள், கட்டவில்லை என்பது நடக்காத கதை இல்லை. இதைக் கர்ப்பம் உறுதியான மாதமே பாருங்கள், எட்டாம் மாதத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடாதீர்கள்.

சட்டமே மாறிடுச்சுன்னு சொல்றாங்களே, இன்னும் 26 வாரம் உண்டா?

உண்டு. 1961-ம் வருட மகப்பேறு நலச் சட்டத்தில் 12 வாரமாக இருந்ததை 2017-ல் 26 ஆக்கினார்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு வந்திருக்கிறது. பெயர் மாறியது, 26 வாரம் மாறவில்லை. "புது சட்டத்துல அதெல்லாம் இல்லம்மா" என்று யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள், தர மாட்டார்கள்.

26 வாரம்னா எத்தனை மாசம், எப்போ லீவு ஆரம்பிக்கணும்?

182 நாள், ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளலாம். டாக்டர் சொன்ன பிரசவ தேதிக்கு முன்னால் அதிகபட்சம் 8 வாரம் எடுக்கலாம், மீதி பிரசவத்துக்குப் பிறகு. முன்னால் எடுத்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை, உடம்பு ஒத்துழைத்தால் கடைசி வாரம் வரை போய்விட்டு முழுக்கவும் குழந்தையோடு வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிச் செய்தேன், இரண்டு கால்களும் வீங்கி செருப்புப் போட முடியவில்லை, அதனால் அதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன்.

பிரசவமாகி 6 வாரத்துக்கு உங்களை வேலைக்கு வைப்பதே சட்டப்படி தப்பு. நீங்களே விரும்பி வந்தாலும் கம்பெனி சேர்க்கக் கூடாது.

ஒருத்தர் 80 நாள்ங்கிறார், இன்னொருத்தர் 70 நாள்ங்கிறார், எது சரி?

இரண்டும் சரி, இடம்தான் வேறு. கம்பெனி தர வேண்டியவர்களுக்கு: எதிர்பார்க்கும் பிரசவ தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். சம்பளத்தோடு விட்ட விடுமுறைகளும் கணக்கில் சேரும். வருடக்கணக்கில் சர்வீஸ் வேண்டும், நிரந்தரம் ஆகியிருக்க வேண்டும் என்பதெல்லாம் கட்டுக்கதை.

இஎஸ்ஐக்கு 70 நாள், ஆனால் அந்த 70 நாள் எப்போது என்பதில்தான் சிக்கல். பணம் கட்டும் காலம் வருடத்துக்கு இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல்–செப்டம்பரில் கட்டியதற்குப் பலன் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை, அக்டோபர்–மார்ச்சில் கட்டியதற்குப் பலன் ஜூலை முதல் டிசம்பர் வரை. பிரசவம் விழும் பலன் காலத்துக்கு உரிய கட்டும் காலமும் அதற்கு முந்தையதும் சேர்த்து 70 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருக்க வேண்டும். அதாவது 2026 மார்ச்சில் பிரசவம் என்றால் 2024 அக்டோபரிலிருந்து 2025 செப்டம்பர் வரைக்கும் உள்ளதைத்தான் பார்ப்பார்கள். 2025 அக்டோபரில் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதமாகப் பணம் கட்டியிருந்தாலும் அந்த நாட்கள் இதில் வராது. நான் பார்த்ததில் அதிகம் பேர் அழுதது இந்த இடத்தில்தான், எனவே வேலை மாறுகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனியில் கட்டியதும் அதே காப்பீட்டு எண்ணில் இருந்தால் சேரும், புது எண் போட்டுவிட்டார்கள் என்றால் இரண்டையும் இணைக்கச் சொல்லுங்கள்.

கையில எவ்வளவு வரும், முழுச் சம்பளமா பேசிக் மட்டுமா?

இஎஸ்ஐ என்றால் நாள் ஒன்றுக்கு உங்கள் சராசரி தினச் சம்பளம் முழுசாக. உடம்பு சரியில்லாத விடுப்புக்குத் தரும் 70 சதவீதக் கணக்கு இதற்குக் கிடையாது.

கம்பெனி தருவது என்றால், விடுப்பு ஆரம்பிக்கும் முன் மூன்று மாதச் சம்பளத்தின் தினச் சராசரி. ஊதியம் என்றால் என்ன என்பதில்தான் புதிய தொகுப்பு கொஞ்சம் மாற்றியிருக்கிறது. அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் ஊதியம், வீட்டு வாடகைப்படி போன்றவை வெளியே. ஆனால் வெளியே தள்ளும் படிகள் மொத்தத்தில் பாதிக்கு மேல் போனால் மேலே போனது ஊதியத்தோடு சேர்ந்துவிடும். 30,000 சம்பளத்தில் பேசிக் 10,000 மட்டும் காட்டினால், கணக்கு 10,000-க்கு இல்லை, 15,000-க்கு. இது குறைந்தபட்சம்தான், முழுச் சம்பளமும் தரும் கம்பெனிகள் இருக்கின்றன, கேட்டுப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். வாரம் என்றால் ஏழு நாள் என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கு வந்ததே நம் பக்கத்திலிருந்துதான், ஓர் எஸ்டேட் தொழிலாளிப் பெண் கோயம்புத்தூர் தொழிலாளர் நீதிமன்றத்தில் ஆரம்பித்தது.

'லீவு முடிஞ்சு திரும்பி வந்தாதான் தருவோம்'ங்கிறாங்க, சரிதானா?

தப்பு. பிரசவத்துக்கு முந்தைய நாட்களுக்கான பணத்தை, கர்ப்பத்துக்கான மருத்துவச் சான்று கொடுத்ததும் முன்கூட்டியே தர வேண்டும். மீதியைப் பிரசவமானதற்கான சான்று கொடுத்த 48 மணி நேரத்துக்குள். கம்பெனி இலவசமாக மருத்துவ வசதி செய்து தரவில்லை என்றால் அதற்கு மேல் 3,500 ரூபாய் மருத்துவ போனஸும் உண்டு, இதை யாரும் தானாகச் சொல்வதில்லை.

திரும்பி வருவீர்களா மாட்டீர்களா என்ற சந்தேகம் முதலாளிக்கு இருக்கலாம், அதற்காகப் பணத்தைப் பிடித்து வைக்கச் சட்டத்தில் இடமில்லை.

என்னென்ன பேப்பர் கொடுக்கணும்? வாயால சொன்னா போதாதா?

போதாது. என் முதல் குழந்தைக்கு நான் வாயால்தான் சொன்னேன், அதுவும் வேறொரு கம்பெனியில், மேனேஜரிடம், அவர் சிரித்துக்கொண்டே "ஸ்வீட் எங்கம்மா" என்றார். பிரசவமாகி வந்து கேட்டால் அந்த மேனேஜர் வேலையை விட்டுப் போயிருந்தார், நான் சொன்னதாக எவருக்கும் ஞாபகமில்லை. பணம் வர நாலு மாதம் ஆனது. அப்புறம்தான் புத்தி வந்தது.

ஒரு பக்கக் கடிதம் போதும்: பெயர், ஊழியர் எண், எதிர்பார்க்கும் பிரசவ தேதி, எந்தத் தேதியிலிருந்து விடுப்பு, பணம் யாரிடம் அல்லது எந்தக் கணக்கில் சேர வேண்டும், விடுப்பில் வேறெங்கும் வேலை செய்ய மாட்டேன் என்ற ஒரு வரி. கடிதத்தோடு டாக்டர் சான்றை வைத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். கையெழுத்துப் போடத் தயங்கினால் மின்னஞ்சலிலோ பதிவுத் தபாலிலோ அனுப்புங்கள். முன்கூட்டிக் கொடுக்க முடியாமல் திடீரென்று பிரசவமாகிவிட்டால், முடிந்த சீக்கிரத்தில் கொடுங்கள், தாமதமானதால் மட்டும் உரிமை போகாது.

இஎஸ்ஐக்காரர்கள் கம்பெனியில் சொல்வதோடு நிற்காமல் கழகத்திடமும் விண்ணப்பிக்க வேண்டும். கர்ப்பச் சான்று, பிரசவத்துக்குப் பின் அதற்கான சான்று, வங்கிக் கணக்கு விவரம், ஆதார். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும் விடுப்புப் பணத்துக்கான உரிமை போகாது, பில்லைத் தருவார்களா என்பது வேறு விஷயம், அதை முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

முத்துலட்சுமி ரெட்டி பணம் 18,000 ரூபாய்னாங்க, எனக்கு 14,000தானே வந்துச்சு, மீதி எங்கே?

யாரும் சாப்பிடவில்லை. 18,000 என்பது 14,000 ரூபாய் பணமும், 2,000 ரூபாய் மதிப்புள்ள ஊட்டச்சத்துப் பெட்டகம் இரண்டும் சேர்ந்தது. பணம் மூன்று தவணை: கர்ப்பத்தின் நாலாம் மாதம் 6,000, குழந்தை பிறந்து நாலாம் மாதம் 6,000, ஒன்பதாம் மாதம் 2,000. பெட்டகம் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும். முன்பு ஐந்து தவணையாக இருந்ததை 2024 ஏப்ரலிலிருந்து மூன்றாக்கினார்கள், அதனால் உங்கள் அண்ணி சொல்லும் கணக்கும் உங்கள் கணக்கும் ஒத்துப்போகாது. மத்திய அரசின் மாத்ரு வந்தனா பணமும் இதற்குள்ளேயே வந்துவிடுகிறது, தனியாக இன்னொன்று என்று காத்திருக்க வேண்டாம்.

அதுக்கு எப்படிப் பதியணும்? அம்மா வீட்டுக்குப் போயிட்டா என்ன ஆகும்?

19 வயது நிறைந்திருக்க வேண்டும், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பமாக இருக்க வேண்டும், முதல் இரண்டு பிரசவத்துக்கு மட்டும். கர்ப்பமாகி 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான பதிவு எண்) வாங்க வேண்டும். 12 இலக்கம். தனியாரில் பார்ப்பவர்களும், பணம் வேண்டாம் என்பவர்களும்கூட இந்த எண்ணை வாங்கியாக வேண்டும், பிறப்புச் சான்றிதழுக்கே கேட்கிறார்கள். உதவித்தொகை வேண்டும் என்றால் பிரசவம் அரசு மருத்துவமனையில் நடக்க வேண்டும், தடுப்பூசிகளும் தவறக் கூடாது.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போகும்போது அந்த எண்ணையும் அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள், அங்கே இன்னொரு தடவை புதிதாகப் பதியாதீர்கள். இரண்டு பதிவு ஆகிவிட்டால் எதிலும் பணம் வராமல் தொங்கும். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதாரோடு இணைந்து இருக்கட்டும். கணவர் கணக்கு, மாமியார் கணக்கு எல்லாம் வேண்டாம்.

இஎஸ்ஐ பணமும் வாங்கிட்டு இதையும் வாங்கலாமா?

மத்திய அரசின் மாத்ரு வந்தனா விதி, வேறு சட்டத்தின் கீழ் இதே மாதிரி பலன் வாங்குகிறவர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் கிடையாது என்கிறது. பதிவு செய்யும்போது இஎஸ்ஐ இருப்பதைச் சொல்லிவிடுங்கள், அவர்கள் சேர்த்தால் சரி. மறைத்து வாங்கிப் பிறகு திருப்பிக் கட்டும் பாடு வேண்டாம். எழுபது நாள் கணக்கில் விழுந்து இஎஸ்ஐ பணம் கிடைக்காதவர்கள் இதைக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

மூணாவது குழந்தைக்கு ஒண்ணுமே கிடையாதா?

கம்பெனிக்கும் இஎஸ்ஐக்கும் 12 வாரம் உண்டு, பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் 6 வாரம். சட்டம் எத்தனையாவது பிரசவம் என்று பார்ப்பதில்லை, உயிரோடு எத்தனை குழந்தைகள் என்று பார்க்கிறது. முதல் பிரசவத்தில் இரட்டைக் குழந்தை என்றால் அடுத்ததற்கே 12 வாரம்தான். அது நியாயமா என்று என்னிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது.

அரசு ஊழியர்களுக்கு விதி இன்னும் இறுக்கம். ஆனால் 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் வழக்கில் முக்கியமான தீர்ப்புச் சொன்னது. முதல் திருமணத்தில் பிறந்த இரண்டு குழந்தைகள் முன்னாள் கணவரிடம், மறுமணத்துக்குப் பிறகு இவருக்கு ஒரு குழந்தை. விடுப்பு கிடையாது என்றார்கள். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையைச் சேர்ந்தது என்று சொல்லி, விடுப்பு தரச் சொன்னது நீதிமன்றம்.

அரசு வேலைல எத்தனை நாள்?

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு 2021 ஜூலை 1 முதல் 365 நாள், முழுச் சம்பளத்தோடு. இரண்டு குழந்தைக்குக் குறைவாக இருக்க வேண்டும். மத்திய அரசு என்றால் 180 நாள், அதற்கு மேல் குழந்தை வளர்ப்பு விடுப்பு தனி.

கரு கலைஞ்சுடுச்சு. இதைப் போய்க் கேட்கவே ஒரு மாதிரி இருக்கு.

கேளுங்கள், உங்களுக்கு உரியதுதான். கரு தானாகக் கலைந்தாலும், மருத்துவர் மூலம் சட்டப்படி கலைத்தாலும் அன்றிலிருந்து 6 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, மருத்துவச் சான்று மட்டும் போதும். இஎஸ்ஐயிலும் அதே 6 வாரம். அதற்குப் பின்னும் உடம்பு தேறவில்லை என்றால் இன்னும் ஒரு மாதம் வரை உண்டு, இந்தக் கூடுதல் மாதம் குறைப்பிரசவத்துக்கும் பிரசவத்துக்குப் பின் வரும் உடல்நலக் கோளாறுக்கும் சேர்த்தே. இரண்டு நாள் சொந்த லீவு போட்டுவிட்டு மூன்றாம் நாள் மெஷினில் வந்து உட்கார்ந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன், யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அப்போது எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் கான்ட்ராக்ட், எனக்கெல்லாம் தருவாங்களா?

தர வேண்டும். தினக்கூலிப் பெண்களுக்கும் உண்டு என்று 2000-ம் ஆண்டு டெல்லி மாநகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. விடுப்பின் நடுவே ஒப்பந்தம் முடிந்துவிட்டாலும் மீதி வாரங்களுக்கும் பணம் உண்டு என்று 2023 ஆகஸ்டில் சொன்னது. அந்த 80 நாள் மட்டும் இருக்கட்டும்.

கட்டட வேலை, வீட்டு வேலை செய்பவர்கள் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து அட்டையைப் புதுப்பித்து வைத்திருந்தால் அங்கே மகப்பேறு உதவி தனியாக உண்டு. பதிவு இல்லாமல் பிரசவமான பிறகு ஓடினால் பலனில்லை.

மாசமா இருக்கேன்னு தெரிஞ்சதும் 'நீயே எழுதிக் கொடுத்துட்டுப் போ'ங்கிறாங்க.

எழுதிக் கொடுக்காதீர்கள். இதை மட்டும் பெரிய எழுத்தில் படிக்கவும். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போது வேலையை விட்டு நீக்குவதும், உங்களுக்குப் பாதகமாக வேலை நிபந்தனையை மாற்றுவதும் சட்டவிரோதம். கர்ப்பமாக இருக்கும்போது நீக்கினாலும் பணம் தந்தே ஆக வேண்டும். நீக்கிய உத்தரவு கையில் கிடைத்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீங்களாக ராஜினாமா எழுதிவிட்டால் இது எதையும் பிடித்துக்கொள்ள முடியாது, அதனால்தான் அவர்கள் அதைக் கேட்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, மேலே சொன்ன விடுப்புக் கடிதத்தை அன்றைக்கே பதிவுத் தபாலில் போடுங்கள். அப்புறம் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார்.

லீவுல வீட்டிலிருந்தே வேறொரு இடத்துக்குப் பீஸ் தைச்சுக் கொடுக்கலாமா?

கூடாது. விடுப்பில் வேறெங்காவது கூலிக்கு வேலை செய்தால் அந்த நாட்களுக்கான பணம் போய்விடும். மாட்டிக்கொண்டவர்கள் உண்டு, யாரோ ஒருவர் போட்டுக் கொடுக்காமல் இருக்க மாட்டார்.

திரும்ப வேலைக்குப் போனா பால் கொடுக்க நேரம் தருவாங்களா?

குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை தவிர தினம் இரண்டு இடைவேளை உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு தடவை போய்ப் பார்க்கலாம். காப்பகம் என்று போர்டு மாட்டி உள்ளே அட்டைப்பெட்டி அடுக்கிய அறைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து கேட்ட இடங்களில் பெட்டிகள் வெளியே போயின.

இன்கிரிமெண்ட் வந்து சம்பளம் 21,000 தாண்டிடுச்சு, இப்போ நடுவுல மாட்டிக்கிட்டேனா?

இல்லை, ஆனால் தேதி பார்க்க வேண்டும். நவம்பரில் சம்பளம் கூடியது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டும் காலம் முடியும் மார்ச் 31 வரை பிடித்தம் தொடரும், தொடர வேண்டும். மேலே 70 நாள் கேள்வியில் சொன்ன கணக்குப்படி, அக்டோபர்–மார்ச்சுக்குப் பலன் காலம் ஜூலையிலிருந்து டிசம்பர், அதற்கு அடுத்த ஜனவரி–ஜூனுக்கும் முந்தைய கட்டும் காலமாக அது கணக்கில் சேரும், ஆக அதில் 70 நாள் இருந்து அந்த ஜூனுக்குள் பிரசவம் என்றால் இஎஸ்ஐ தரும். அதற்கும் பிறகு என்றால் நீங்கள் கம்பெனி தர வேண்டியவர்களின் வரிசைக்கு வந்துவிட்டீர்கள், 80 நாள் விதிதான். "இஎஸ்ஐ பார்த்துக்கும்" என்று கம்பெனியும் "கம்பெனி பார்த்துக்கும்" என்று இஎஸ்ஐயும் கைகாட்டினால், பிடித்தம் நின்ற மாதத்தின் சம்பளச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் கிளை அலுவலகம் போங்கள், உங்களுக்குத் தகுதி இல்லை என்பதை எழுத்தில் வாங்குங்கள், அந்தத் தாளோடு எச்ஆர் முன்னால் உட்காருங்கள்.